அம்மாவின் மடக்குக் கத்தி

டாக்குரியா ரயில்வே ஸ்டேஷன் வாசலில் இன்று ஒருவர் கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வாசனை பட்டதும் கார்டன் ரீச்சில் நாங்கள் குடியிருந்த, இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட அப்பாவின் கம்பெனி குவார்ட்டர்ஸும், ஆற்றில் கப்பல் ஊதுவது கேட்கும் அதன் சமையலறையும், அங்கே நாள் முழுக்க அம்மாவின் கையில் இருந்த மடக்குக் கத்தியும், கூடவே பழைய கோபமும் வந்துவிட்டன. கொய்யா நறுக்க, என் பென்சில் சீவ, கடிதம் பிரிக்க, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். மரப்பிடியில் அவள் கட்டைவிரல் பதியும் இடம் வழவழவென்று குழிந்திருந்தது.

எனக்குப் பதினோரு வயதில் அந்த வீட்டைக் காலி செய்தோம். சாமான்களைச் சரிபார்க்க வந்த குமாஸ்தா கத்தியைக் கையில் எடுத்து, இது கம்பெனி ஸ்டோரில் கொடுப்பது போல இருக்கிறது, வெளியே கொண்டுபோகக் கூடாது என்றார்.

அம்மாவின் முகம் சிவந்தது. "ஏங்க, நீங்க சொல்லுங்க. கல்யாணமான புதுசுல ஹவுரால நான் வாங்கினதுதானே?"

அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் குமாஸ்தாவைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்துவிட்டு, "போகட்டும் விடு, வேற வாங்கிக்கலாம்" என்றார்.

இவர் மனைவியைத் திருடி என்று ஒருவர் சொல்லாமல் சொல்கிறார், அதற்கு இவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அம்மா குமாஸ்தாவின் கையிலிருந்து கத்தியை வாங்கி மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது என்னோடது. உங்களுக்கு வேணும்னா வேற வாங்கிக்குங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நானும் அவள் பின்னாலேயே இறங்கினேன். அப்பா கீழே வர வெகுநேரமாயிற்று.