பரோட்டாக் கடையின் பச்சைத் திரை

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்ட் எதிரே, இப்போது செல்போன் கடை இருக்கும் இடத்தைக் கடக்கையில், எங்கிருந்தோ வந்த சால்னா வாசம் என்னை நிறுத்திவிட்டது. என் சின்ன வயதில் அங்கேதான் ஒரு பரோட்டாக் கடை இருந்தது. வீட்டுப் பெண்கள் ஹோட்டலில் சாப்பிடுவது பெரியப்பாவுக்கு ஆகாது. மசக்கையில் நாக்கு கேட்க, ஆஸ்பத்திரிக்கு என்று பொய் சொல்லி என்னையும் கூட்டி வந்த அம்மா, கொத்துப் பரோட்டா தட்டும் சத்தத்துக்கு நடுவே, பச்சைத் திரை போட்ட ஃபேமிலி ரூமில் பதறிப் பதறித் தின்றுகொண்டிருந்தாள்.

வெளியே பெரியப்பாவின் குரல் கேட்டது. அம்மாவின் கை சால்னாவிலேயே நின்றது. திரை விலகியதும் எழுந்து நின்றாள்.

அவர் இலையைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஒக்காந்து சாப்புடு ஆத்தா. யாரும் வராம நான் பாத்துக்கிறேன்."

திரையை இழுத்துவிட்டார். நாங்கள் முடிக்கும்வரை, திரைக்கு அடியில் தெரிந்த அவர் கால்கள் நகரவேயில்லை.