குங்குமம் வைத்த பிளாப்பி

காயும் மிளகின் காரமும் சூடேறிய தூசியும் ஒன்றாய் மூக்கில் ஏறினால் போதும், கொல்லிமலையில் எங்கள் விதைச் சேகரிப்பு ஆபீஸின் பழைய கம்ப்யூட்டர் எனக்குள் முனகத் தொடங்கிவிடும். தொண்ணூறுகளின் கடைசி. சேலத்தில் யாரோ வீட்டில் வைத்திருந்து, வேண்டாமென்று கொடுத்தது. பிளாப்பி செருக ஒரே வாய். மெமரியோ ஒரு கைப்பிடி. நகலெடுக்க, பழைய பிளாப்பியைச் செருகி ஒரு கைப்பிடி அள்ள வேண்டும், அதை உருவி, புதியதைச் செருகிக் கொட்ட வேண்டும், மறுபடி பழையது. இப்படி ஏழெட்டு நடை.

"இது எங்க மாமனாராட்டங்க. நாலாவது சொல்லு சொன்னா மொத மூணும் மறந்துபோயிரும்" என்பார், என்னோடு வேலை பார்த்த அண்ணன். இரண்டு பிளாப்பியும் ஒரே கறுப்பு. மாறிப்போனால் பழையதில் உள்ள எழுத்தின் மேலேயே கொட்டி அழித்துவிடும். மலை ஈரத்தில் ஒட்டுத்தாள் நிற்காது. அதனால் எண்ணெயில் குழைத்து, பழையதற்குக் குங்குமம் வைப்பார், புதியதற்கு மஞ்சள்.

மலையில் குண்டனி நாடு என்னும் பகுதியில் யார் வீட்டில் என்ன சாமை, என்ன தினை என்று அவர் தட்டிவைத்த குறிப்புகளுக்கு நடுவே அவர் வீடும் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'இன்று ஊட்டில் சண்டை. சோறு குழைந்துவிட்டது என்றேன்.' நான் உரக்கப் படித்துச் சிரிப்பேன்.

மஞ்சள்காமாலை அவரை ஒரே மாதத்தில் கொண்டுபோனது. அவர் மனைவி, எனக்கு அண்ணி, பிறந்த வீட்டுக்கே போவதாகவும் போகுமுன் ஆபீஸுக்கு வருவதாகவும் சொல்லியனுப்பினார். அன்று காலை என் பொட்டைச் சிறிதாக வைத்துக்கொண்டேன். பிளாப்பியில் இருந்த குங்குமமும் கண்ணை உறுத்தியது. அதையும் மஞ்சளையும் முந்தானையால் துடைத்தேன். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. மறக்காது என்று நம்பினேன்.

"அவரு எழுதுனத ஒரு காப்பி குடு கண்ணு. எங்கண்ணம் மவன் காலேஜு கம்ப்யூட்டர்ல படிச்சுக் காட்டறேங்கறான்" என்றார் அண்ணி. எங்களிடம் பிரிண்டர் இல்லை. வேறு நகலும் இல்லை.

"அவரு கை பட்டது. நானே போடறனே."

ஒவ்வொன்றாய் வாங்கிச் செருகினார். மூன்றாம் நடையில் அழுகை முட்டிக்கொண்டு வர, இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். திரும்ப எடுத்து நீட்டியபோது எது எதென்று எனக்குத் தெரியவில்லை. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் பொட்டைத் துடைத்ததைச் சொல்ல வேண்டிவரும் என்று கூசி, ஒன்றைச் செருகினேன். இயந்திரம் முனகியபடி எழுதியது. அதன்பின் இரண்டுமே திறக்கவில்லை.

இன்று கைபேசி கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் படங்களை நகலெடுக்கிறது. அந்த நொடியில் ஒவ்வொரு முறையும் என் விரல் பின்வாங்குகிறது.

அன்று காளப்பநாயக்கன்பட்டி பஸ் வரும்வரை இருவரும் ரோட்டோரம் நின்றிருந்தோம். துடைத்ததைச் சொல்லிவிட்டேன். அண்ணி திட்டவில்லை. படியில் கால் வைத்த பிறகுதான் திரும்பினார்.

"என் நெத்தியிலதான் வேண்டாம்னாங்க. அதுல அவரு வெச்ச பொட்டையுமா கண்ணு அழிச்சே?"