களிமண் படித்த பெண்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் பத்து விரல்களும் ஊதா நிறத்தில் இருந்தன.

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தில் ஒரு கல்லூரி லேபில் களிமண்ணை ஆராய்ந்துகொண்டிருந்தேன். தண்ணீரில் ஒரு சிட்டிகை களிமண்ணைக் கலக்கி, அதனூடே ஒளியைப் பாய்ச்சி மின்சாரம் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத மண் துகள்கள் எல்லாம் ஒரே வாக்கில் திரும்பும். உள்ளே போன ஒளி மாறும். மீட்டரின் முள் துள்ளும். அந்தத் துகள்களின் மேல் சாய மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் என் ஆராய்ச்சி. சாயம் என்னவோ மண்ணைவிட என் விரல்களில்தான் நன்றாக ஒட்டியது. சிரங்குக்குத் தடவுவார்களே, அதே ஊதா மருந்து.

அம்மா எலுமிச்சம்பழம் தேய்த்தாள். பிறகு மண்ணெண்ணெய். நிறம் போகவில்லை; வாசனை சேர்ந்தது.

காபியை நீட்டியதும் மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்காமல் என் கையையே பார்த்தார்.

"என்னம்மா, சிரங்கா?"

"இல்லீங்க. களிமண் ரிசர்ச் பண்றேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும், "களிமண்ல என்ன ரிசர்ச்?" என்று கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பஜ்ஜி ஆறிப்போகும்வரை சொன்னேன்.

"நேர்ல பாக்கலாமா?" என்றார்.

சனிக்கிழமை அவர் மட்டும் வருவார் என்று நினைத்தேன். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலேறிக் குடும்பமே வந்துவிட்டது. விளக்கை அணைத்து, மின்சாரம் கொடுத்தேன். முள் துள்ளியது. அவருடைய அம்மா கைதட்டினார். பிறகு அதில் ஒரு சொட்டு சாயம் விட்டு, மறுபடி மின்சாரம் கொடுத்தேன். முள் அசையவே இல்லை.

"அடடா, கெட்டுப்போச்சா?" என்றார் அவருடைய அப்பா.

"இல்லீங்க. இதான் ரிசல்ட். சாயம் ஒட்டினா துகளோட சார்ஜ் குறைஞ்சிடும். அப்புறம் கரண்ட் குடுத்தாலும் திரும்பாது."

"அசையாம இருக்கறதுக்கா இத்தனை வருஷம் படிக்கணும்?"

மாப்பிள்ளை சத்தமாகச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ரயிலுக்குப் போகும் வழியிலேயே சம்மதம் சொல்லிவிட்டாராம்.

கல்யாணத்தில் மாமியார் வந்தவர்களிடமெல்லாம், "மருமக மண்ணுக்கே டாக்டரு" என்று பெருமையடித்தார். மேடையேறி வந்த ஒரு பெரியவர் பரிசைக் கொடுத்துவிட்டுக் குனிந்து கேட்டார்: "பெரும்பாக்கத்துல ஒரு மனை கீது. போர் எந்தப் பக்கம் போடலாம் சொல்லும்மா?"

தெரியாது என்று சொன்னால் மாமியார் முகம் வாடும். "கிழக்கால போடுங்க," என்றேன்.

தண்ணீர் பீறிட்டு வந்துவிட்டது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிய ஆரம்பித்தன.