ஓம், சரி, வாறன்

குரோய்டனில் எங்கள் அலுவலகத்தில் திடீரென்று ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். மதியம் அரை மணித்தியாலம் எல்லோரும் திரையை விட்டு எழும்ப வேண்டும். கணினி தானாகவே பூட்டிக்கொள்ளும். கைப்பேசியையும் வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் கூடைக்குள் போட்டுவிட்டுத்தான் வெளியே போகலாம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல வரிசையாக நின்று போட்டோம். எனக்குச் சரியான எரிச்சல். ஓய்வு எடுப்பதற்குக்கூட மேலிடத்து உத்தரவா? ஒரு கையில் சாண்ட்விச்சும் மறு கையில் மின்னஞ்சலுமாக நான் நன்றாகத்தான் இருந்தேன்.

அது தொடங்கிய முதல் நாள் புதன்கிழமை. எல்லாப் புதனும் போலக் காலையில் அப்பா அழைத்திருந்தார். அம்மா போன பிறகு அவர் கிங்ஸ்பரியில் தனியாக இருக்கிறார்; நான் லண்டனின் மறு கோடியில். நான் வேலையைத் தொடங்குகிற நேரம் பார்த்துத்தான் அவர் எப்போதும் அழைப்பார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தட்டச்சு செய்தபடியே ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். கடைசியில், "சரி பிள்ளை, அப்ப வாறன்" என்பார். நானும் ஓம், சரி என்று வைத்துவிடுவேன். யாழ்ப்பாணத்து ஆட்கள் விடைபெறும்போது 'போறன்' என்று சொல்லமாட்டார்கள். அந்தச் சொல் வாயில் வரவே கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். செத்த வீட்டைத் தவிர எங்கிருந்து கிளம்பினாலும் 'வாறன்'தான்.

வெறுங்கையோடு தெருவில் இறங்கினேன். கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. கோட்டுப் பையைத் தடவிக்கொண்டே ட்ராம் தரிப்பிடம் வரை நடந்தேன். அங்கே பயணிகள் உட்காரும் வாங்கில் ஒரு வயதானவர், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு, எங்கள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் தொப்பி மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தேன். அப்பாதான்.

கிங்ஸ்பரியில் இருந்து இங்கே வருவதென்றால் ரயில் மாறி ரயில் ஏற வேண்டும். ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிட்டது என்றே ஓடினேன். என்னைக் கண்டதும் அவர் என்னைவிடப் பதறிப்போய் எழும்பினார்.

"என்ன பிள்ளை, வேலையால நிப்பாட்டிப் போட்டாங்களோ?"

பட்டப்பகலில், கையில் கைப்பேசி இல்லாமல் நான் தெருவில் நிற்பதற்கு அவருக்கு வேறு காரணம் தோன்றவில்லை. இல்லை, இது பிரேக் என்று சொல்லி அவரை நம்பவைத்து, திரும்ப உட்காரவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பிறகுதான் நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வாறன் எண்டு சொன்னனான்தானே. நீயும் ஓம் எண்டனி."

போன புதனுமா என்றேன். ஓம் என்றார். அதற்கு முந்தின புதனும். குளிர் கொஞ்சம் குறைந்ததில் இருந்தே ஒவ்வொரு புதனும் வருகிறாராம். பஸ் பாஸ், ரயில் பாஸ் எல்லாம் சும்மாதானே கிடக்கிறது என்றார். வந்து நின்று, வேலைக்கு நடுவில் என்னைக் கீழே கூப்பிட்டால் எனக்குக் கரைச்சலாம். நேரம் கிடைத்தால் நானே இறங்கி வருவேன் என்று இருந்தாராம். இரண்டாம் மாடி ஜன்னலில் என் தலை தெரியுமாம். எப்போதும் குனிந்தபடியே இருக்குமாம். குறை சொல்லும் குரல் துளியும் இல்லை, வானிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னார். எனக்கோ அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இந்தக் குளிர்காற்றில் ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்வேன்? மேலே அவர் கண்ணுக்கு நேராகத்தானே இருந்திருப்பேன், ஒன்றும் தெரியாமல்.

பையில் இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். இத்தனை நாளும் மற்றப் பெட்டியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இரவுக்கு ஆகும் என்றார்.

வாங்கில் இருந்தபடியே சாப்பிட்டோம். ட்ராம்கள் வந்து வந்து போயின. நேரம் பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. அப்பாதான் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பிந்தப்போகிறது, எழும்பு என்றார். எழும்பினேன். பழக்கதோஷத்தில் வாயில் வந்தது அதே சொல்தான்.

"சரி அப்பா, வாறன்."

அவர் பெட்டியை மூடிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப?"