விரல் நீளத் தையல்

பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் வயிற்றைத் தடவினார். தொப்புளருகே விரல் நீளத்தில் ஒரு தையல். சுற்றிலும் பொட்டு அளவில் சில துளைத் தையல்கள்.

"இத்துனூண்டு வழியில கட்டி எப்படி வரும்? பாத்துட்டு அப்படியே மூடிட்டாங்க. எங்கிட்ட மறைக்கிறீங்க" என்று மகளிடம் சீறினார்.

அறுவையின்போது வயிற்றுக்குள் விட்ட கேமராவில் பதிவானதை டாக்டர் போட்டுக் காட்டினார்.

"இது எவன் வயிறோ!"

மனைவி வேறு என்றுமில்லாத கனிவோடு பேசியது அவர் சந்தேகத்தை உறுதியாக்கியது.

பரிசோதனை முடிவு வந்தது. கட்டி முழுவதும் வெளியேறிவிட்டது என்றார் டாக்டர். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்திரிச்சு நடங்க! நோயாளி வேஷமெல்லாம் போதும்" என்று பொரிந்தாள்.

அப்போதுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. மெல்லக் காலைத் தரையில் ஊன்றினார்.