பஃபர் ஃபங்ஷன்களை மாற்றிய வாரம்

முத்தியால்பேட்டையில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் எங்கள் மென்பொருள் ஆபீஸ். மில் ஓடினால் மேசை அதிரும், கீபோர்டில் மாவு படியும். ஸ்கேன் செய்த படங்களைத் துலக்கித் தரும் மென்பொருள் ஒன்றை நானும் என்னோடு வேலை பார்த்த ஒருத்தியும் சேர்ந்து எழுதினோம். மேல்வேலை பைத்தானில், வேகம் வேண்டிய இடமெல்லாம் சி மொழியில். எனக்கு அவள்மேல் உயிர் என்பது கீழே மில்காரருக்கே தெரியும். அவளிடம் மட்டும் நான் வாயே திறக்கவில்லை.

அதற்குள் அவளுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி, அதாவது அந்த நாட்டுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை வந்துவிட்டான். எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டால் வேறெதையும் விசாரிப்பதில்லை. அவளுடையது மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்துவக் குடும்பம். நாங்கள் கிராமத்தில் கரும்பு போடுகிறவர்கள். நான் எந்த முகத்தோடு போய்ப் பெண் கேட்பது?

அந்த நேரம் பார்த்து பைத்தானின் புதிய பதிப்பு வந்தது. படம் கிடக்கும் நினைவகத்தின் முகவரியை சி-க்கு எடுத்துக் கொடுக்கும் பழைய பஃபர் ஃபங்ஷன்களை இனிமேல் பயன்படுத்தாதீர்கள் என்று அதில் ஒதுக்கிவிட்டார்கள். பழையது முகவரியைக் கொடுத்ததோடு சரி. நாம் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் பறிபோனாலும் அதற்குக் கவலையில்லை. புதியது இடத்தைப் பிடித்து வைத்துக் கொடுக்கும். வேலை முடிந்ததும் நாம் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

"இத மாத்திக் குடுத்துட்டு கெளம்பும்மா" என்றார் டீம் லீடர். அவள் வேலையை விட்டதும் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதாகப் பேச்சு. ஆக, இந்த வேலை இழுக்கிற வரைக்கும்தான் அவள் என் பக்கத்து நாற்காலியில்.

எல்லாவற்றையும் மாற்றி ஓட்டிப் பார்த்தோம். படங்கள் ஓட ஓட நினைவகம் ஏறிக்கொண்டே போனது. வாங்கியதை எங்கோ ஒப்படைக்காமல் விட்டிருக்கிறோம். பழைய ஃபங்ஷனில் பழகிய கை, வேறென்ன செய்யும்! இருவரும் உட்கார்ந்து தேடினோம். கோளாறு என்றால் எரிந்து விழுகிறவன் நான். அந்த வாரம் எனக்குக் கோபமே வரவில்லை. கிடைக்காமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். "இன்னும் இழுக்கும் போலருக்கு" என்று ஒருநாள் அவளும் சிரித்தாள்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போய் வந்தது. அவள் ஃபைலை மறுபடி திறந்தாள். அளவு சரியில்லாத படம் வந்தால் ஃபங்ஷன் பாதியிலேயே திரும்பிவிடும் இடம் ஒன்று என் கண்ணில் பட்டது.

"தோ, இங்க ரிலீஸ் பண்ணாம விட்டுட்டோம் பாரு."

பாழாய்ப்போன வாய். மனசு தடுப்பதற்குள் சொல்லிவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. விட்டுப்போன ஒரு வரியை அடித்தாள், ஓட்டினாள். நினைவகம் ஏறாமல் நின்றது.

"நேத்தே பாத்துட்டேன்" என்றாள்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ சொல்லாம இருப்பியான்னு பாத்தேன்."

போகாதே என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் டீம் லீடர் பின்னால் வந்து நின்று, யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். அவள் என்னைக் கை காட்டினாள். அவர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.