அத்திம்பேர் ஷூ பார்த்த யார்க்

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் மிளகைக் கடித்துப் பார்த்தே காலம் தள்ளியவர் கல்யாணராமன். ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்தால் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். வேறு சாமர்த்தியம் எதுவும் தனக்குக் கிடையாது என்பதை, யாரும் கேட்காமலே, அவரே சொல்லுவார். 1979-ல் முதலாளிக்கு அம்மை போட்டது. லண்டன் வியாபாரிகளிடம் சாம்பிள் பையோடு இவர் போகவேண்டி வந்தது. "மாரியம்மன் தயவுல பிளேன் ஏறின ஒரே ஆள் நானாக்கும்" என்பார்.

அதுவரை அவர் காலுக்குச் செருப்புதான் தெரியும். பக்கத்தில் தேவராவிலிருந்த அத்திம்பேர் நீலகண்டன் தன் கறுப்பு ஷூவைக் கொடுத்தார். அக்கா கமலாக்ஷி கம்பளிச் சாக்ஸ் பின்னிக் கொடுத்தாள். நீலகண்டன் வாலிபத்தில் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது, மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் இங்கிலாந்தில் தன் ஊரான யார்க்கைப் பற்றியே பேசிப் பேசி இவர் மனசில் ஆசையை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். இப்போது முழங்கால் கடற்கரை வரைகூடப் போக விடுவதில்லை.

"எனக்கு இனி யோகமில்லை. என் ஷூவாவது அங்கே நடந்துட்டு வரட்டும். பெரிய பள்ளி, கோட்டைச் சுவர், ஆறு, ஒண்ணும் விடப்படாது, கேட்டயா?" என்றார். கொச்சிக்காரர்களுக்குத் தேவாலயம் என்றால் பள்ளி.

லண்டனில் ஞாயிற்றுக்கிழமை லீவு. கல்யாணராமன் தனியாக ரயிலேறி யார்க்கில் இறங்கினார். மத்தியானம் தேவாலய வாசலில் நின்று அண்ணாந்து பார்த்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அப்புறம் அவர் செய்ததை, கொச்சியில் பிறந்த யாரும் செய்வார்கள். கோவிலானாலும் பள்ளியானாலும் மசூதியானாலும் காலில் இருப்பது வாசலோடு சரி. ஷூவைக் கழற்றி, சுவரோரம் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே எல்லோரும் ஷூக்காலோடு டக்டக்கென்று நடந்தார்கள். 'என்ன ஜனங்களோ, ஆசாரமே இல்லை' என்று பரிதாபப்பட்டார். கால் மணி நேரம் வண்ணக் கண்ணாடிகளை வாய் பிளந்து பார்த்துவிட்டு வெளியே வந்தால், ஷூவைக் காணோம்.

நம்மூரில் கோவில் வாசலில் செருப்பு போனால், பீடை தொலைந்தது என்று வீட்டுக்கு வந்துவிடலாம். இது அத்திம்பேருடையது. தொலைந்தால்தான் பீடை. யாரையாவது கேட்கலாமென்றால், என் ஷூவை நானே கழற்றி வைத்தேன் என்று இங்கிலீஷில் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. ஞாயிறென்று கடையெல்லாம் அடைத்திருந்தது. மனுஷன் வெறும் சாக்ஸோடு கோட்டைச் சுவர்மேல் ஏறினார், ஆற்றங்கரையில் நடந்தார், சந்துகளில் நுழைந்தார். ஷூவைத் தேடி ஊரில் அவர் பார்த்ததெல்லாம் போகிறவர் வருகிறவர் கால்களைத்தான். ஒரு நாய் மட்டும் அவர் பாதத்தை மோந்து பார்த்து அனுதாபப்பட்டது.

ஐந்து மணிக்கு, வேறு வழியில்லாமல், தேவாலயத்துக்கே திரும்பி வந்து வாசலிலிருந்த அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார். யாரோ மறந்து விட்டுப்போனதாக நினைத்து, மழை வருமே என்று அப்போதே எடுத்து வைத்துவிட்டாளாம். உள்ளே ஓர் அலமாரியைத் திறந்து ஷூவை நீட்டினாள். அவர் காலைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு ஜன்மத்துக்கும் ஆறவில்லை.

தேவராவுக்கு ஷூவைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, இதெல்லாம் அத்திம்பேருக்குத் தெரியக்கூடாது என்று தீர்மானித்திருந்தார். நீலகண்டன் சாயாவைக்கூட மறந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சுவர் மேல ஏறினயா?"

"ஏறினேன்."

"ஷூ கடிச்சுதா?"

"இல்லவே இல்லை." அதுவும் நிஜம்தான்.

வாங்கியதை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கிற புத்தி அவரைக் கெடுத்தது. சாக்ஸைத் துவைத்து மடித்து ஷூவுக்குள்ளேயே வைத்திருந்தார். கமலாக்ஷி எடுத்துக் கையை விட்டாள். மூன்று விரல் அடிப்பக்கமாக வெளியே வந்தது.

"ஷூ போட்டுண்டு நடந்தவனுக்கு சாக்ஸோட அடி எப்படிடா தேயும்?"

மிளகு கடிக்கிறவருக்குப் பொய் ஜீரணமாகவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கமலாக்ஷி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நீலகண்டன் சிரிக்கவில்லை. ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ இது ஒண்ணையும் பாக்கலை" என்றார் மெதுவாக.

சாக்ஸ் கிழிந்ததற்கோ தன் மானம் போனதற்கோகூடக் கல்யாணராமன் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

"அத்திம்பேரே, நான் அந்தப் பள்ளிக்குள்ள இருந்தது கால் மணி நேரம். உங்க ஷூ மத்தியானத்திலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உள்ளேயே இருந்துது. பாட்டு, பிரார்த்தனை, மணி, எல்லாம் அதுக்குத்தான் கிடைச்சுது. நான் வெளியில பிச்சைக்காரனாட்டம் அலைஞ்சேன்."

நீலகண்டன் மடியிலிருந்த ஷூவைத் திருப்பிப் பார்த்தார்.

"மணி பெரிசோ?"

"ரொம்பப் பெரிசு."

அதற்கப்புறம் அந்த ஷூவை அவர் காலில் போடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார். "இது யார்க் பள்ளிக்குள்ள அஞ்சு மணி நேரம் இருந்ததாக்கும். என் மச்சினனைத்தான் வெளியில நிறுத்திட்டா" என்பார். கல்யாணராமன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டுவார்.